சிலிண்டர் புக் பண்ணியாச்சா?

கம்ப்யூட்டர் புரோகிராமிங் கற்றுக்கொள்ள என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டால் ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட், கொஞ்சம் கணக்கு அறிவு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நாலாவதாக ஒன்றும் வேண்டும். ஒரே விஷயத்தை அரை மணி நேரம் விடாமல் யோசிக்க விடுகிற வீடு. முதல் மூன்றும் காசு கொடுத்தால் கிடைக்கும். நாலாவது எந்தக் கடையிலும் விற்பதில்லை, அதிலும் கூட்டுக்குடும்பத்து மருமகளுக்கு!

எங்கள் ஊர் சிங்கவரம். செஞ்சியிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்ததும் எங்கள் பக்கத்தை வெளியூர்க்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெருமை அதைவிடப் பழசு. பல்லவர் காலத்தில் மலையைக் குடைந்து செய்த கோயிலில், ஒரே பாறையில் 24 அடி நீளத்துக்கு ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். "மேலே அவர் படுத்தே இருக்கார், கீழே நாமதான் ஓடிக்கிட்டே இருக்கோம்" என்று நான் சொன்னால் அத்தை முறைப்பார்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். படிப்பு முடிந்த மாதமே கல்யாணம். இப்போது பெண் ஏழாவது, பையன் மூணாவது. வீட்டுக்காரர் செஞ்சியில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். மாமா, அத்தை, இரண்டு கறவை மாடு, ஒன்றேகால் ஏக்கர் நிலம். கொழுந்தனார் வேலைக்குப் போனபோது, பிளஸ் டூவில் அவருக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுப் போனார். பீரோ மேல் தூசி படிந்து கிடந்த அதை இறக்கித்தான் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க ஆரம்பித்தேன். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலை, என் பெயரில் வரும் ஒரு சம்பளம். ஆசை அவ்வளவுதான்.

ஆறா, ஒன்பதா?

தமிழில் படித்தவளுக்கு இதெல்லாம் வருமா என்ற பயம் சீக்கிரமே போய்விட்டது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் ஒவ்வொரு பாடமும் பத்து நிமிடம் அளவுக்குத்தான் இருக்கும். பல பாடங்களைத் தமிழிலேயே கேட்கலாம். 2012 முதல் இயங்கும் கணியம் இணைய இதழும், 'எளிய தமிழில்' என்ற வரிசையில் து. நித்யா போன்றவர்கள் எழுதிய இலவச மின்னூல்களும் இருக்கின்றன. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள விழுப்புரத்தில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் 2013-லேயே குழுவாகச் சேர்ந்து கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். வாராவாரம் அங்கே போய்வர என்னால் ஆகாது. ஆனால், நம் மாவட்டத்திலேயே இது நடக்கிறது என்பதே ஒரு தைரியம்.

முதல் வாரமே ஒரு வேடிக்கை. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்ல பைத்தானில் 'லென்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 'சிங்கவரம்' என்று கொடுத்தேன். நம் கணக்குக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டர் ஒன்பது என்றது! அரை நாள் மண்டையைக் குடைந்தபின் விளங்கியது. நமக்கு 'சி' ஒரே எழுத்து. கம்ப்யூட்டர் பின்பற்றும் யூனிகோட் முறையில் அது 'ச' ஒன்று, அதன் கொக்கி ஒன்று என இரண்டு. 'ங்' என்றால் 'ங' ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. 'ம்' என்பதும் அப்படியே. க, வ, ர மட்டும் ஒவ்வொன்று. கூட்டினால் ஒன்பது. நம் முறைப்படி ஆறு என்று எண்ணுவதற்காகவே 'ஓப்பன் தமிழ்' என்ற கருவித்தொகுப்பை முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

காரணம் பிடிபட்ட அந்த நிமிடம் இருக்கிறதே, கல்லூரியில் கடினமான கணக்கு ஒன்று சட்டென்று விடையோடு நிற்கும்போது வரும் சந்தோஷம் அது. பல வருஷத்துக்குப் பிறகு அது திரும்ப வந்தது. அதே நிமிடம் வாசலிலிருந்து ஒரு குரலும் வந்தது: "ஏம்மா, சிலிண்டர் புக் பண்ணியாச்சா?"

நேரம் இருந்தது, ஆனால்...

"விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி, யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க" என்று தோழி ஒருத்தி சொன்னாள். எங்கள் வீடு நாலரைக்கே எழுந்துவிடும் வீடு. மாடு கறந்து ஆறு மணிக்குள் சொசைட்டியில் பால் ஊற்றியாக வேண்டும். ராத்திரி பத்துக்கு மேல் என்றால் கண் ஒத்துழைக்காது. பகலில் எண்ணிப் பார்த்தேன். சமையல் முடிந்த பின் முக்கால் மணி நேரம், பிள்ளைகள் வருவதற்கு முன் ஒன்றரை மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டேகால் மணி நேரம் என்பது படிக்கப் போதுமான நேரம்தான்.

அதில் எத்தனை ஓட்டைகள் என்பதுதான் விஷயம். "கரண்டு வந்துடுச்சும்மா, மோட்டார் போடு" என்று மாமா கொல்லையிலிருந்து கூப்பிடுவார். வயலுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் நமக்காகக் காத்திருக்காது. ரேஷனில் பருப்பு போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போவார். கைரேகை வைக்க நாம்தான் போகவேண்டும். பேங்கில் நகைக்கடன் தவணை, ஸ்கூலில் கையெழுத்து, தையல்கடையில் ஜாக்கெட். புரட்டாசி சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கும் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் காபி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மை. அதற்குக் காத்து நிற்கும் நேரம்தான் எங்களுக்கு டிக்கெட்.

ஒவ்வொரு வேலையும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்தான். "இதுக்குப் போய் அலுத்துக்கறியே" என்று யாரும் கேட்கலாம். ஆனால், புரோகிராம் எழுதுவது பூக்கட்டுவது மாதிரி இல்லை, வைத்துவிட்டுப் போய் வந்து விட்ட இடத்தில் தொடர. எந்தப் பெயரில் எந்த எண் இருக்கிறது, இந்த வரி எந்த நிபந்தனைக்குள் வருகிறது என்று ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் மனசில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து போனால் அத்தனையும் கொட்டிவிடும்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ் பார்னின், வேலை நடுவே தடைபட்ட புரோகிராமர்களின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது தடைபட்டவர்களில், திரும்பி வந்து ஒரு நிமிடத்துக்குள் மறுபடி எழுதத் தொடங்கியது பத்தில் ஒரு தடவைதான். சம்பளம் வாங்கி, ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கே இந்தக் கதி!

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறை. ஆபீஸ் மூடியிருந்தது, பொழுது போகவேண்டுமே என்று ஒரு புது மொழியை ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். படித்ததும் மலைத்துப்போனேன். அடுத்த நிமிடம், 'பண்டிகை வாரத்தில் ஒருத்தருக்குப் பொழுது போகவில்லையா!' என்று சிரிப்பு வந்துவிட்டது. தீபாவளி வாரத்தில் நம் வீட்டில் எந்தப் பெண்ணாவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எது பாரம்?

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும். இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சமைப்பதையும் துவைப்பதையும் நிமிடத்தில் அளந்துவிடலாம். துவைத்துக்கொண்டே, 'துவரம்பருப்பு நாளையோடு சரி, பையனுக்கு வெள்ளிக்கிழமை கலர் டிரஸ், மாமாவுக்கு மாத்திரை நாலு நாளைக்குத்தான் வரும்' என்று நினைத்துக்கொள்வதை எந்த நிமிடத்தில் அளப்பது?

என் படிப்பைக் கெடுத்தது செஞ்சிக்கு நடப்பது இல்லை. செஞ்சிக்கு எப்போது போகவேண்டும் என்று நான் ஒருத்தியே நினைத்துக்கொண்டிருப்பதுதான். கால் வலித்தால் உட்காரலாம். மனசு ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டே இருந்தால், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாலும் அது உட்காருவதில்லை.

இது புரிந்ததும் மூன்று காரியம் செய்தேன்.

முதலாவது, தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள். யார் கூப்பிட்டாலும் எழுவதற்கு முன் அதன் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிடுவேன். 'அடுத்து: பட்டியலில் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கணும், இரண்டாவது வரியில் நிற்கிறேன்.' அவ்வளவுதான். எழுத அரை நிமிடம் ஆகும். "இரு, வந்துட்டேன்" என்று சொல்லும் நேரத்தில் எழுதிவிடலாம். திரும்பி வந்ததும் 'எங்கே விட்டோம்?' என்று முழிக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. பார்னின் ஆராய்ந்த புரோகிராமர்களிலும் சிலர், விட்ட இடம் உடனே கண்ணில் படட்டும் என்று வேண்டுமென்றே அந்த வரியைப் பிழையாக விட்டுப் போவார்களாம். கோலத்தில் ஒரு புள்ளியை இணைக்காமல் விட்டுப்போவது மாதிரி.

இரண்டாவது, வேலைகளைக் கை வேலை, மனசு வேலை என்று பிரித்தேன். மல்லாட்டை உடைப்பது, ரேஷன் வரிசையில் நிற்பது, மாட்டுக்குப் புல் அறுப்பது எல்லாம் கை வேலை. அப்போது மனசு காலி. புரியாத ஒரு கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அங்கே யோசிப்பேன். ஒரு படி மல்லாட்டை உடைத்து முடிப்பதற்குள் விடை கிடைத்த நாள்கள் உண்டு. லேப்டாப் முன்னால் இருக்கும் நேரம் எழுதிப் பார்க்க மட்டும்.

செஞ்சிக்குப் போவதையும் வாரத்துக்கு இரண்டு தடவையாகச் சுருக்கினேன். யாருக்கு என்ன வேண்டுமோ முதல் நாள் ராத்திரிக்குள் அடுக்களைக் கதவில் தொங்கும் அட்டையில் எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வாரச்சந்தை, ஆடு ஏற்றிய வண்டிகளாக நிற்கும், அதனால் போவதில்லை. அமாவாசை அன்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகும் கூட்டம் பஸ்ஸில் கால் வைக்க விடாது, அன்றும் இல்லை. மாமாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு அலைந்தது 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் நின்றுவிட்டது. மாதாமாதம் வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுகிறார்கள். 2021-ல் அதை அறிவித்தபோது, வயசானவர்களுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். மருமகள்களுக்கும் நல்லது.

மூன்றாவதுதான் கஷ்டம்

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். எது கேட்டாலும், "நீ சொல்லு, நான் வாங்கிட்டு வர்றேன்" என்பார். பல வருஷமாக அதை உதவி என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது மெதுவாகச் சொன்னேன்.

"ஏங்க, வாங்கிட்டு வர்றது கஷ்டமில்ல. எப்ப வாங்கணும்னு நினைச்சுக்கிட்டே இருக்கறதுதான் கஷ்டம். சொல்றது என் வேலையாவே இருந்தா, பாதி வேலை என்கிட்டயேதான இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கணக்கு எழுதுகிறவர் இல்லையா, பற்று வரவு புரிந்தது. "சரி, சிலிண்டரும் பசங்க ஸ்கூலும் என்கிட்ட விட்டுடு. நீ சொல்லவே வேணாம்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து சிலிண்டர் தீரும் அறிகுறி தெரிந்தது. எப்போதும் தீ நீலமாக எரியும், கொஞ்சம் சிவப்பு தட்டியது. அவர் இன்னும் புக் பண்ணவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அந்த வேலை அன்றோடு என்னிடமே திரும்பிவிடும் என்றும் தெரியும். சொல்லவில்லை. மறுநாள் காலை தீர்ந்தது. கொல்லையில் விறகடுப்பை மூட்டியபடி அத்தை கேட்டார்.

"தீரப்போவுதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. ஆனா, அது இப்ப அவர் வேலை."

அத்தை ஒன்றும் பேசவில்லை. ஊதுகுழலில் ஊதிய வேகத்தில் கோபம் தெரிந்தது. இரண்டு நாள் வீட்டில் எல்லோருடைய துணியிலும் புகை வாசனை. அதற்கப்புறம் இன்றுவரை சிலிண்டர் தீர்ந்ததில்லை. அவர் போனில் ஒரு தேதி குறித்து வைத்திருக்கிறார். அது எந்தத் தேதி என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று வார்த்தையில் சொல்ல வரவில்லை!

'சும்மா' போய் 'வேலை' வந்தது

அத்தைக்கு என் படிப்பில் பெரிய மதிப்பு இல்லை. யாராவது வந்து கேட்டால், "உள்ளதான் இருக்கா, சும்மா கம்ப்யூட்டர பாத்துக்கிட்டு" என்பார். அந்த 'சும்மா' இருக்கிறதே, அதுதான் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும். சும்மா இருக்கிறவளை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

அத்தை மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். பன்னிரண்டு பேர். மாதச் சேமிப்பு, யார் எப்போது கடன் வாங்கினார், எவ்வளவு திருப்பினார், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று அத்தனையும் நாலாவது வரை படித்த அவர் தலையில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு முதல் நாள் நோட்டை வைத்துக்கொண்டு இருட்டும் வரை விரல் விட்டு எண்ணுவார். வீட்டில் ஞாபகச் சுமை தூக்குகிறவள் நான் மட்டும் இல்லை என்பது அன்று அவரைப் பார்த்தபோது உறைத்தது.

பைத்தானில் பெயரையும் அதற்குரிய தொகையையும் ஜோடி ஜோடியாக வைத்துக்கொள்ள ஒரு வசதி உண்டு, அகராதி மாதிரி. அதை வைத்து நாற்பது வரியில் ஒன்று எழுதினேன். பெயரைத் தட்டினால் மீதிக் கடனும் அந்த மாத வட்டியும் வரும். அத்தை நம்பவில்லை. பன்னிரண்டு பேருக்கும் தன் கையால் ஒரு தடவை கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். எல்லாம் சரி. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நடு மாசத்துல ஒருத்தி பாதிக் கடனைக் கட்டிட்டான்னு வெச்சுக்கோ. அப்ப வட்டி முழுசுக்குப் போடுமா, பாதிக்குப் போடுமா?"

நான் அசந்துவிட்டேன். எழுதியது எந்த இடத்தில் முட்டும் என்று தேடிப்பிடிக்க மென்பொருள் நிறுவனங்களில் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்களுக்கு அது தானாக வருகிறது. அடுத்த ஒரு வாரம் அத்தையின் கேள்விக்குத்தான் விடை எழுதினேன்.

இப்போது யாராவது வந்து என்னைக் கேட்டால், "உள்ள வேலையா இருக்கா" என்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அடுத்த கட்டமாக மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில், சென்னைக் கணிதவியல் நிறுவனப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வாரப் பைத்தான் பாடத்தில் சேர்ந்தேன். படிக்கக் கட்டணம் இல்லை. நேரில் போய்த் தேர்வு எழுதினால்தான் சான்றிதழ், அதற்கு 1,000 ரூபாய். ஆங்கிலத்தில்தான் நடத்துகிறார். நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். வாராவாரம் கொடுக்கும் பயிற்சிகளை முடித்து, புதுச்சேரியில் தேர்வு எழுதப் பணமும் கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் பெரிய நாத்தனார் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா தேதி வைத்தார்கள். அதே ஞாயிறு, சேத்துப்பட்டில். என் வீட்டுக்காரர் தாய்மாமன். சீர்வரிசை எங்கள் வீட்டிலிருந்து போகவேண்டும். "தாய்மாமன் பொண்டாட்டி இல்லாம யார் தட்டு தூக்கிட்டு வர்றது?" என்று நாத்தனார் போனில் கேட்டார். அவர் கேட்பது நியாயம். அந்தப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அடுத்த வருஷம் எழுதலாம் என்று ஒரு மனசு சொன்னது. அடுத்த வருஷம் அதே ஞாயிறு இன்னொரு விசேஷம் இருக்கும் என்று இன்னொரு மனசு சொன்னது. கடைசியில் நானே நாத்தனாருக்குப் போன் போட்டேன். முதல் நாளே வந்து குழந்தைக்கு எல்லாம் செய்துவிட்டுப் போகிறேன், ஞாயிறு மட்டும் பரீட்சை என்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷத்துக்கு 'வர முடியாது' என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை. "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. தேர்வு முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இந்தச் செய்தி தெரிந்ததும் அத்தை என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். "தட்டு நான் தூக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். நேற்று ராத்திரி வீட்டுக்காரர் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "சீர்த்தட்டு பதினொண்ணா, இருபத்தொண்ணா? என்னென்ன வைக்கணும்?" என்று கேட்டார். எனக்கு எல்லாம் மனப்பாடம். "அத்தைகிட்ட கேட்டு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப் பக்கம் திரும்பினேன். பாதியில் நின்ற வரி அங்கேயே இருந்தது.